வினோலியாவின் காது

பாகற்காய் யாருக்கும் கசப்பதில்லை என்று ஆகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. கசக்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் கசப்பு பிடிக்கும். விரும்பிச் சாப்பிடும் ஒருவர் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வார். முகம் சுளிக்கும் இன்னொருவர் அதன் ஜோடிப் பட்டையை ஒட்டிக்கொள்வார். இருவரும் ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிடுவார்கள். அவர் மூளை அடையும் இன்பம் இவர் மூளையில் படிந்துவிடும். சுவைப்பாலம் என்று அதற்குப் பெயர். மாமியார் வைக்கும் கருவாட்டுக் குழம்பு மருமகனுக்குப் பிடித்துப்போவதும், அப்பாவின் பழைய பாட்டுகளைப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பதும் இப்போது பெரிய செய்தி இல்லை. ஒருமுறை படிந்ததை அழிக்க வழி கிடையாது. அதன் மேல் வேறொருவர் சுவையைப் படியவைக்கலாம், அவ்வளவுதான். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

‘காது கொடுங்கள்’ நிகழ்ச்சிக்கு வரச்சொல்லி ‘ஐஸ் கம்பெனி’ குழுவுக்கு அழைப்பு வந்தபோது, மூன்று பேரும் சண்டையில் இருந்தார்கள். தூத்துக்குடியில் மூடிப்போன ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பயிற்சி செய்ததால் குழுவுக்கு அந்தப் பெயர் வந்தது. கொம்பையா கிட்டார், மெஹ்ராஜ் டிரம்ஸ், வினோலியா பாட்டு. நிகழ்ச்சியில் ஆளுக்கொரு பாட்டைச் சொல்ல வேண்டும். தன்னை உருவாக்கிய பாட்டு. சொன்னால் மட்டும் போதாது, பாலம் வழியாகக் கொடுக்கவும் வேண்டும். நேயர்கள் வீட்டிலிருந்தே பட்டையை ஒட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள்.

“நீ அந்தப் பாலைவனக் கிட்டாரத்தான் சொல்லப் போற” என்றாள் வினோலியா.

“ஆமா. அதுக்கென்ன?”

“பாட்டா அது? ஒரே கம்பியப் போட்டு சொறிஞ்சுக்கிட்டு இருக்கான். வார்த்தையும் இல்ல, முடிவும் இல்ல.”

“கேட்டுட்டுப் பேசுட்டி. இத்தன வருசமா அத முழுசா ஒரு தடவகூட நீ கேட்டது கிடையாது.”

மெஹ்ராஜ் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். “எதுக்குச் சண்ட? அங்க போனா எல்லாருக்கும் எல்லாம் பிடிச்சிரும்லா” என்றான்.

அவன் சொன்னது சரியாகத்தான் போயிற்று. சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தில் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கொம்பையாவின் பாட்டு முதலில் ஓடியது. எங்கோ ஒரு பாலைவனத்தில் பெயர் தெரியாத கிழவர் ஒருவர் வாசித்தது. கொஞ்ச நேரம் வினோலியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு, ஒரே கம்பி என்று அவள் நினைத்திருந்தது ஒவ்வொரு முறையும் மயிரிழை தாமதமாக விழுவது கேட்டது. அந்தத் தாமதத்துக்காகக் காத்திருக்கத் தோன்றியது. காத்திருந்த கணத்தில் முதுகு சிலிர்த்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதையா நா சொறியிறான்னு சொன்னேன்?” என்றாள். கொம்பையா சிரித்தான்.

மெஹ்ராஜ் கொடுத்தது ஒரு கல்யாண ஊர்வல மேளம். வினோலியாவுடையது கடலோரத்துத் தேவாலயம் ஒன்றின் பழைய பாடகர் குழுப் பதிவு. அதில் இரண்டாம் குரல் பாடும் ஒரு பெண், மற்றவர்கள் இறங்கும் இடத்தில் தான் மட்டும் ஏறுவாள். அந்த ஏற்றத்தைக் கேட்டுத்தான் வினோலியா பாடவே வந்தாள். ‘ஈரச் சாக்கு’ என்ற அவர்களுடைய பிரபலமான பாட்டில் இரண்டாம் சரணத்தை அவள் அப்படி அமைத்தது அந்தப் பெண்ணுக்காகத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொல்லத் தேவையும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் அன்று அவள் காதை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் தூத்துக்குடிக் கடற்கரைத் திடலில் கச்சேரி. இதுவரை வராத கூட்டம் வந்தது. நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் எழுந்த ஆரவாரம் பாட்டின் நடுவிலேயே தேய்ந்தது. கொம்பையாவின் விரல் ஓர் இடத்தில் அவசரப்பட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். மெஹ்ராஜ் ஒரு திருப்பத்தைத் தட்டையாக வாசித்தான். கூட்டம் முழுக்க ‘ச்சு’ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கோபம் இல்லை. தன் கையிலிருந்தே ஏதோ தவறி விழுந்ததைப் போன்ற சத்தம்.

‘ஈரச் சாக்கு’ வந்தது. இரண்டாம் சரணத்தில் ஏறும் இடத்துக்கு வந்தபோது வினோலியாவின் குரல் வழக்கம்போல் ஒரு நூல் கீழே நின்றது. வழக்கம்போல் அவள் முகம் சுளித்தது. மேடை வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாத சுளிப்புதான் அது. ஆனால் அன்று எதிரே இருந்த அத்தனை முகங்களும் அவளோடு சேர்ந்து, அதே கணத்தில் சுளித்தன.

அவள் எப்படியோ பாடி முடித்தாள். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சில பேர் வந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள்.

“மனசுல வச்சுக்கிடாதீங்க அக்கா” என்றான் ஓர் இளைஞன். “அந்த இடம் உங்களுக்கு எப்பவுமே இடிக்கும்லா? எனக்கும் இப்ப இடிக்கு. முன்னல்லாம் எனக்கு இது உசுருப் பாட்டு.”

“இப்ப?”

“இப்ப அந்தக் கோயில் பாட்டத்தான் கேக்கேன். அந்தம்மா ஏறுத ஏத்தம் இருக்கே…” அவன் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு, சங்கடப்பட்டு இறக்கிக்கொண்டான்.

மெஹ்ராஜ் நிகழ்ச்சி நடத்துபவரைத் தொலைபேசியில் பிடித்துச் சத்தம் போட்டான். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். “சார், பாட்டு மட்டும் தனியா போகாது. அதைக் கேக்கற காதும்தான் போகும். பிடிச்சதை மட்டும் நறுக்கி எடுத்துக் கொடுக்க முடியாது. உங்க பாட்டை நீங்க எப்படிக் கேப்பீங்களோ, இனிமே எங்க நேயர்களும் அப்படித்தான் கேப்பாங்க.”

தொலைபேசியை வைத்துவிட்டு மெஹ்ராஜ் அதை அப்படியே சொன்னான்.

“அப்ப நம்ம பாட்டு நமக்கே பிடிக்காதா?” என்று கேட்டான் கொம்பையா.

“பிடிச்சிருந்தா அடுத்த பாட்டு எதுக்குப் போடப் போறோம்?” என்றாள் வினோலியா.

அந்த வாரமே இரண்டு கச்சேரிகள் ரத்தாயின. குழுவைக் கலைத்துவிடலாமா என்று மெஹ்ராஜ் ஒருமுறை கேட்டான். மற்ற இருவரும் காதில் விழாததுபோல இருந்தார்கள்.

வினோலியாவுக்கு ஒரு முகம் மட்டும் மறக்கவில்லை. அத்தனை சுளித்த முகங்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். அந்த ஏறும் இடத்தில்தான் மிகவும் உயரமாகக் குதித்தாள். கச்சேரிப் படப்பதிவில் அவளைத் தேடிப் பிடித்து, ஊரில் விசாரித்தாள். பெயர் சந்தனமாரி. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவள். வினோலியா அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “எக்கா! நீங்களா?”

“எங்க நிகழ்ச்சிய நீ பாக்கலையா?”

“பாட்டுப் படிக்கிறவங்க பேசுதத நா கேக்க மாட்டேன்க்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க. பாட்டு போதும்.”

“‘ஈரச் சாக்கு’ல ரெண்டாவது சரணம், அங்க என் குரல் கீழ நிக்கிது. தெரியுதா உனக்கு?”

சந்தனமாரி யோசித்தாள். “எட்டப் பாக்குது, எட்டல. அதான? அது வேணும்னு அப்பிடிப் படிக்கிறதுன்னுல்லா நெனச்சேன். எட்டிட்டா அது யார் பாட்டோ.”

வினோலியா பையிலிருந்து ஒரு ஜோடிப் பட்டையை எடுத்தாள். ஒன்றைச் சந்தனமாரியின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். மற்றதைத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். கொடுப்பவள் சந்தனமாரி, வாங்குபவள் வினோலியா. பாட்டை ஓடவிட்டாள்.

ஒரு பெண் பாடினாள். வினோலியாவுக்கு அவளைத் தெரியவில்லை. கரகரப்பான குரல், ஈரக் காற்று படிந்த குரல். அவசரப்படும் கிட்டார் அந்தப் பெண்ணை ஓடிப் பிடிக்கப் பார்த்தது. தட்டையான மேளம் தரையில் உறுதியாக நின்றது. இரண்டாம் சரணத்தில் குரல் ஏறியது, எட்டப் பார்த்தது, எட்டவில்லை. தான் பாடிய பாட்டை வாழ்க்கையில் முதன்முறையாக வினோலியா கேட்டாள். முடிந்ததும், “இன்னொருக்க போடு” என்றாள். அது முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள்.

“ஒங்க காத நா வாங்கிக்கிடட்டா?” என்று சந்தனமாரி ஆசையாகக் கேட்டாள்.

“வேண்டாம் தாயி” என்று வினோலியா பட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சியில் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தாள். புதுப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். பல்லவி முடிவதற்குள் கொம்பையா கையை உயர்த்தி நிறுத்தினான்.

“வினோ, அந்த இடம் சரியா வரல.”

“எந்த இடம்?”

“‘கரை’ன்னு வருதுல்லா, அங்க.”

மறுபடி பாடினாள். கொம்பையாவும் மெஹ்ராஜும் ஒன்றாகச் சுளித்தார்கள். வினோலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை. “நல்லாத்தானல இருக்கு. அழகா இருக்கு” என்றாள்.

கொம்பையாவுக்குப் புரிந்துவிட்டது. “யார் காத வாங்கிட்டு வந்த?”

அவள் சொன்னாள். மெஹ்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். “பாடுறவளுக்கே தப்பு தெரியலன்னா நம்ம என்னத்தப் பாட்டுப் போடுறது?”

“பயப்படாத. இவ பழைய காது நம்மகிட்டத்தான இருக்கு” என்றான் கொம்பையா. “நிகழ்ச்சியில வாங்குனோம்லா? ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்கு.” கிட்டார்ப் பெட்டியிலிருந்து ஜோடிப் பட்டையை எடுத்து, ஒன்றைத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மற்றதை அவளிடம் நீட்டினான். “இந்தா. இப்பவே திருப்பி வாங்கிக்க.”

வினோலியா கையை நீட்டினாள். பட்டை விரலில் படும் தூரத்தில் கை நின்றது. இதை ஒட்டிக்கொண்டால் அந்த நூல் இடைவெளி திரும்ப வந்துவிடும். அது வந்தால்தான் அடுத்த பாட்டும் வரும். அது அவளுக்குத் தெரியும்.

“ஒரே ஒருக்கப் பாடிட்டு வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

அவர்கள் வாசித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ‘கரை’ வந்தபோது இரண்டு பேரும் பல்லைக் கடித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே அதைக் கடந்து போனாள். பாட்டு முடிந்தது. கொம்பையா மறுபடி பட்டையை எடுத்து நீட்டினான்.

“இன்னொருக்க மட்டும்” என்றாள் வினோலியா.