கடலால் வந்தவர்

கடலில் குளிக்கப் போன சிவநேசன் பத்து நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். ஜெயமலர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவு திறந்து மூடியதும், முன்னறையில் கதிரை இழுபட்டதும் கேட்டன. தண்ணீரில் இறங்கினால் விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை ஏறாத மனிதர். இன்றைக்கு என்ன இவ்வளவு கெதியாக?

“என்னப்பா, தண்ணி குளிரோ?”

“ஓம்.”

அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஒக்டோபர் மாதத்துக் குரோஷியக் கடல் பிறகு சுடவா செய்யும்?

கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் இருவரும் தனியாகப் போன முதல் விடுமுறை அது. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் முதியோர் இல்லச் சலவை அறையில் அவளோடு வேலை செய்யும் மரியாவின் ஊர். தாய் தகப்பன் செத்த பிறகு வீடு சும்மாதான் கிடக்கிறது, ஒரு கிழமை போய் இருந்துவிட்டு வா என்று மரியாவே அனுப்பிவைத்தாள். அரிசிக் குக்கரையும் மிளகாய்த்தூளையும் காரில் ஏற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் ஓடி வந்தார்கள். கடலோரமாக இருபது கல்வீடுகள். கோடையில் மட்டும் ஆட்கள் வந்து போவார்களாம். இப்போது எல்லாம் பூட்டிக் கிடந்தன. சிவநேசனுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. மகள் ரிஷானியின் முகத்தைப் போனிலாவது பார்க்கலாமென்றால், சிக்னலுக்கு மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டம்வரை ஏற வேண்டியிருந்தது.

“தேத்தண்ணி போடட்டோ?”

“ஓம்.”

கேத்திலை அடுப்பில் வைத்தபோது ஒரு மணம் வந்தது. உப்பு மணமில்லை. கனகாலம் இறைக்காமல் விட்ட கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, இலை அழுகின, பாசி பிடித்த, வெயில் படாத அந்த மணம். குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்தாள். அதில் இல்லை.

கோப்பையோடு முன்னறைக்கு வந்தாள். சிவநேசன் அவளுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி இருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து, கழுத்தால் இறங்கி, கதிரைக் காலால் ஓடி, தரையில் வட்டமாகத் தேங்கியிருந்தது. பின்னேர வெயில் அறைக்குள் நீளமாக விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அவருடைய தோள்கள் மங்கின சாம்பல் நிறமாகத் தெரிந்தன.

“தலையைத் துடைக்காமல் இருந்தால் சளி பிடிக்குமெல்லோ.”

“ஓம்.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். துடைத்துப் பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். வேலையிடத்தில் எத்தனையோ ஈரம் துடைத்தவள். எந்த ஈரமும் ஒரு நேரத்தில் முடியும். இது முடியவில்லை. வந்து கால் மணித்தியாலமாகியும் அந்தத் தலை, இப்போதுதான் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கியதுபோல் ஒழுகிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணியில் ஆவி அடங்கிவிட்டது. அவர் கையைக்கூட நீட்டவில்லை. மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்குமே. அதையும் காணவில்லை.

முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கால் யன்னல் பக்கம்தான் போனது.

அப்போதுதான் கீழேயிருந்து குரல் கேட்டது.

“மலர்! துவாயை விட்டிட்டு வந்திட்டன். கொண்டு வாருமப்பா!”

யன்னலுக்கு இரும்புக் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே, கடலுக்கு இறங்கும் கற்படிகளின் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் சிவநேசன் நின்றார். மொட்டை விழத் தொடங்கிய தலை, நெஞ்சில் வெள்ளை மயிர், சிரிப்பு. கையை ஆட்டினார்.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே, பின்னால் இருந்ததிடம் கேட்டாள்.

“நீங்கள்... ஆர்?”

சொட்டுச் சத்தம் மட்டும்.

கதவுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பூட்டில் செருகியிருந்த திறப்பைக் காணவில்லை. குசினியில் பின்கதவே இல்லை, புகை போக உள்ளங்கை அகல ஓட்டை ஒன்றுதான். படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். சூட்கேசுகளைக் காணவில்லை. கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. கொடியில் போட்டிருந்த அவளுடைய பச்சைச் சுவெட்டரும் இல்லை. யாரும் வந்து தங்காத வீடுபோல் கிடந்தது.

மீண்டும் யன்னல்.

கற்படிகளில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். பச்சைச் சுவெட்டர். கையில் துவாய். வலது முழங்கால் நோகிறவள்போல் ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று நின்று இறங்கினாள். ஜெயமலர் அப்படித்தான் படி இறங்குவாள்.

“வாறீரோ? நல்லதாப் போச்சு,” என்று சிவநேசன் கரையேறித் துவாயை வாங்கினார்.

“சாமான் எல்லாம் காரில ஏத்திட்டன்.” ஜெயமலரின் குரல்தான் அது. “திறப்பையும் மரியா சொன்ன மாதிரி பூச்சட்டிக்குக் கீழ வைச்சிட்டன். ரிஷானி தனிய நிக்கிறாள், வெளிக்கிடுவம்.”

“இண்டைக்கேயோ?”

“எனக்கு அவளைப் பாக்கோணும் போல கிடக்கு.”

அவர் சிரித்தார். பெண்டாட்டி சொன்னால் கேட்கிற மனிதர். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் படியேற்றினார்.

ஜெயமலர் கம்பியைக் குலுக்கிக் கத்தினாள். என்ரை பிள்ளையிட்டை போகாதை. அதுதான் அவள் கத்தியது. வெளியில் வந்தது கொப்பளிக்கும் சத்தம் மட்டுமே. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

யன்னலைத் தாண்டும்போது சிவநேசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பார்த்தாள். அவ்வளவு அன்பாக.

கார்க் கதவு சாத்தப்பட்டது. மற்றக் கதவு. என்ஜின். வளைவுக்கு அப்பால் அதுவும் அடங்கியது.

பின்னால் ஒரு கதிரை மெதுவாக இழுபட்டது. அவளுக்காக.

கம்பியை விடாமல் நின்றாள். பிடரியில் ஏதோ குளிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தாள். அவளுடைய கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருந்தது.