ஏழாம் தூணுக்குள் ஓர் ஆள்

கணினி மாதிரியின் ஏழாம் தூணுக்குள் ஓர் ஆள் குந்தியிருந்தான்.

தெமியாங் பகுதியிலிருந்த அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னல்களை மாலை மழை அறைந்துகொண்டிருக்க, குளிரூட்டியின் முனகலும் ஈரக் குடைகளின் புழுங்கிய வாடையும் சூழ அமர்ந்திருந்த நிரஞ்சனா, திரையை உற்றுநோக்கினாள். லாபுவில் செம்பனைத் தோட்டத்தை அழித்த நிலத்தில் எழும் மருத்துவமனைக்கு, கட்டடக் கலைஞர், பொறியாளர், குழாய்க்காரர் ஆகிய மூன்று குழுவினரும் அனுப்பும் மாதிரிகளை ஒன்றாக இணைத்து, எது எதனோடு மோதுகிறது என்று கண்டு சொல்வதே அவள் பணி. ஒரு மோதல் மீந்தாலும் கான்கிரீட் ஊற்ற அனுமதி கிடையாது. உயரம் விளங்குவதற்காகக் கட்டடக் கலைஞர்கள் மனித உருவங்களை வைப்பது வழக்கந்தான். ஆனால் அவை நிற்கும். இதுவோ முழங்கால்களை மடக்கி, முகத்தை மேலே தூக்கியிருந்தது.

தளப் பொறியாளரான தன் கணவன் புனிதனை அழைத்தாள்.

“பொம்மை ஒண்ணு ஏழாம் தூணுக்குள்ள மாட்டிக்கிச்சுங்க.”

“மழைக்கு ஒதுங்கியிருப்பான்லா!” புனிதன் சிரித்தான். “கான்கிரீட் லோரி வந்து நிக்குது. சீக்கிரம் தள்ளி வையி, நிரா.”

பிற குழுவினரின் பொருளைத் தொடுவது முறையன்று. ஆயினும், கட்டடக் கலைஞரை அன்று மூன்றாம் முறையாக அழைத்துத் தொந்தரவு செய்ய அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உருவத்தைப் பிடித்து இழுத்து, அருகிலிருந்த மின்தூக்கிக் குழிக்குள் விட்டாள். மோதல் பூச்சியம். ஏழாம் தூணுக்கு ஊற்றும் அனுமதி தானாகவே தளத்துக்குப் போயிற்று.

இன்னும் துண்டிக்காத தொலைபேசியில் கான்கிரீட் பம்ப் உறுமத் தொடங்கியது. அதற்கும் மேலாகப் புனிதனின் அலறல்.

“காலை இழுக்குது! மணியம், புடிங்கய்யா!”

ஏதோ முறிந்தது. ஈரமாக முறிந்தது.

“சார் லிப்டு குழியில விழுந்துட்டாரு!” வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மணியம் கதறினார். “யாருமே தொடலயே! காலு பிஞ்சி தொங்குது!”

நிரஞ்சனா, நகர்த்தியதை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

உருவம் கிளம்பியது. பழைய இடத்துக்கே.

தூணுக்குள்.

இரும்புக் கம்பிகளின் சந்துகளில் சதை நசுங்கிப் புகும் ஓசை. புனிதன் அவள் பெயரைச் சொன்னான். பாதிதான் வந்தது.

“பம்பை நிறுத்துங்கடா! சார் உள்ள இருக்காரு!”

உறுமல் நிற்கவில்லை.

மீண்டும் இழுத்தாள். உருவம் அசையவில்லை. இழுத்தாள். அசையவில்லை.

திரையில் தூண் அடியிலிருந்து சாம்பல் நிறமாக நிரம்பியது. மடங்கிய முழங்கால்கள். மார்பு. திறந்த வாய்.

உச்சியில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே இருந்தன.

விரிந்தன. மூடின.

விரிந்தன.