கிளை பிடுங்கியவர் மகள்

உறைந்த ஆற்றின் மேல் ஒரே ஒரு கிளை நட்டுக்கொண்டு நின்றது. சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்த உஸ்தீனியாவுக்கு, சமையலறை ஜன்னல் வழியே அது கண்ணில் பட்டும் உறைக்கவில்லை. ஏழு மாதமாகப் பார்த்துப் பழகிய காட்சிதானே. இரண்டாவது வாய் குடிக்கும்போதுதான், கிளைகளையெல்லாம் ஆறு நாளைக்கு முன்பே பிடுங்கியாயிற்றே என்று நினைவு வந்தது.

கமென்யார் கிராமத்துக்குக் குளிர்காலத்தில் எனிசேய் ஆறுதான் சாலை. ஆறு உறைந்ததும் அக்கரை வரை வரிசையாகத் தேவதாருக் கிளைகளை நட்டுவிடுவார்கள். புயலில் கண்ணே தெரியாவிட்டாலும் கிளைக்குக் கிளை தடவிக்கொண்டு கரையேறிவிடலாம். மே கடைசியில் பனி இளகியதும் சாலைக்காவலர் அத்தனையையும் பிடுங்கிவிடுவார். கிளை நின்றால் வழி உண்டு, நிற்காவிட்டால் இல்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டி பேச்சையே கேட்காதவன்கூட கிளையின் பேச்சைக் கேட்பான்.

அவள் புருஷன் அர்த்தேமி அக்கரையில் வேட்டைக் குடிசையில் இருந்தார். பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்கியதும் படகில் வருவதாக ஏற்பாடு. நின்றுகொண்டிருக்கும் கிளையைப் பார்த்தால் சாலை இன்னும் மூடவில்லை என்று நம்பி நடந்தே கிளம்பிவிடுவார். அடியில் பனி பஞ்சாகிக் கிடந்தது.

மறுநாள் ஏழு கிளைகள் நின்றன. அதற்கு மறுநாள் பாதி ஆறு வரை வந்துவிட்டன. அக்கரையிலிருந்து நேர்க்கோடாக, ஊர்த்துறையை விட்டுவிட்டு, அவள் வீட்டைப் பார்த்து வந்தன.

சாலைக்காவலர் சவேலி மேல்தான் அவளுக்குச் சந்தேகம். போதையில் பிடுங்கியதையே திரும்ப நட்டுத் தொலைத்தாரோ? போய்க் கேட்டதும் அவர் கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார். பிடுங்கிய கிளைகள் பச்சை வாடாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"என்னைச் சந்தேகப்படுறியா உஸ்தீனியா? நேத்தே பிடுங்கலாம்னு இறங்கினேன். பத்தடி போறதுக்குள்ள முழங்கால் வரை உள்ள போயிருச்சு. என் உடம்புக்கு இனிமே அந்தப் பனி தாங்காது."

"அப்ப யாருண்ணே நடுறது?"

"அதான் தெரியல. என்னோடது பச்சைக் கிளை. அங்க நிக்கிறது மொட்டை. உச்சியில சிவப்புத் துணி வேற கட்டியிருக்கு. நான் துணி கட்டுற வழக்கமே இல்லம்மா. அந்தக் காலத்துல உங்கப்பாதான் கட்டுவாரு."

சவேலி தன் முகத்தையே பார்ப்பதுபோல் உஸ்தீனியாவுக்குப் பட்டது. இவருக்கு ஏதாவது தெரியுமா? நோட்டைப் பார்த்திருப்பாரா?

ஊருக்கு முந்நூறு வயதாகப் போகிறது. அந்த விழாவுக்கு ஊர் வரலாற்றை எழுதும் வேலை, அருங்காட்சியகம் நடத்தும் அவளிடம்தான் வந்தது. பழைய பெட்டியில், அந்தக் காலத்தில் சாலைக்காவலராக இருந்த அப்பா எர்மலாயின் சாலை நோட்டு கிடைத்தது. 1942 நவம்பர். ஆறு உறையுமுன் படகிலிருந்து அக்கரையில் இறக்கிவிடப்பட்ட நாடுகடத்தப்பட்டவர்கள், நாற்பத்தொரு பேர், ரொட்டி கேட்டு ஆற்றின் மேல் நடந்து வந்தார்கள். அவர்களிடம் விஷக்காய்ச்சல் இருப்பதாக ஊரில் பேச்சு. புயல் வீசியது. அப்பா ஒரே வரியில் எழுதி வைத்திருந்தார்: கிளைகளைப் பிடுங்கிவிட்டேன், விடியும்வரை கூப்பிட்டார்கள்.

உஸ்தீனியா அந்த நோட்டை அடுப்பில் போட்டாள். புத்தகத்தில், "பனிப்புயலில் வழி தவறி இறந்தனர்" என்று எழுதினாள். அப்படி எழுதச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. அப்பா பெயர் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பிறகு அவளுக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது, அந்த முதல் கிளை தெரியும்வரை.

சவேலியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சமையலறைத் தரைப்பலகையைத் தூக்கி, மீன் வைக்கும் நிலவறைக்குள் விளக்கை இறக்கினாள். கோடையிலும் உருகாத மண் அது. மூலையில், சிவப்புத் துணி முனைகள் தெரிய அப்பா கட்டிவைத்த ஒரு சுள்ளிக் கட்டு சின்ன வயதிலிருந்தே கிடந்தது. அதை எரிக்கக் கூடாது என்பார். ஏன் என்று சொன்னதில்லை. அதன் மேலேதான் இத்தனை வருஷமும் மீன் பெட்டிகளை வைத்திருந்தாள்.

மீன் பெட்டிகள் தரையில் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கட்டைக் காணோம். கட்டியிருந்த கயிறு மட்டும் அவிழ்ந்து கிடந்தது. நனைந்த கம்பளியின் வாடை. விளக்கைத் தாழ்த்தினாள். மண்ணில் வெறுங்கால் தடங்கள். பெரியவை, சிறியவை. ஒன்று குழந்தையின் கால் அளவுதான் இருந்தது.

தடங்கள் எல்லாம் ஏணியைப் பார்த்தே இருந்தன.

சூரியன் மறையாத மாதம் அது. மாலையிலும் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பத் தொடங்கியிருந்தது. கடைசிக் கிளை அவள் வீட்டுப் படிக்கட்டின் அடியில் நின்றது. சிவப்புத் துணி அசைந்தது. காற்றில்லை.

அக்கரையில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நெருங்க நெருங்க, தோளில் துப்பாக்கியும், வலது காலைச் சற்று இழுத்து நடக்கும் நடையுமாக அர்த்தேமி வந்துகொண்டிருந்தார். கிளையை நம்பிக் கிளம்பிவிட்டார்.

அவருக்குப் பின்னால் இன்னொரு புள்ளி. அதற்குப் பின்னால் இன்னொன்று. நீளமாக, ஒற்றை வரிசையில்.

நடப்பது அர்த்தேமிதானா? அந்தச் சந்தேகமும் வந்தது. அவரைப்போல் காலை இழுத்து நடக்க வேறு யாருக்கும் தெரியாதா?

கரையோரம் பனி விட்டுப்போய்த் தண்ணீர் தெரிந்தது. பலகையைப் போட்டு அதன் மேல் ஓடி ஆற்றுப் பனியில் இறங்கினாள். கிளை வரிசையை ஒட்டி மட்டும் பனி தாங்கியது. என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. கை தானாகப் படிக்கட்டுக்கு அடுத்த கிளையைப் பிடித்து இழுத்தது. எலும்புபோல் சில்லென்று வந்தது. மூச்சிரைக்க நடு ஆறு பக்கம் ஓடி இன்னொன்றைப் பிடுங்கினாள்.

மூடுபனி இறங்கியது. வரிசை மறைந்தது. அடியில் பனி முனகியது.

"உஸ்தியா!"

அர்த்தேமியின் குரல். பக்கத்தில்தான்.

"கிளையைக் காணோமேடி. வழி எங்க? ஒரு குரல் குடு, அதைப் பிடிச்சு வந்துடுறேன்."

வாயைத் திறந்தாள். ஒரு குரல் போதும், பிழைத்துவிடுவார். அந்தக் குரலைப் பிடித்து அவர் பின்னால் வருகிறவர்களும் வருவார்கள். நாற்பத்தொரு பேரும். அவள் படியேறி. அவள் வீட்டுக்குள்.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உஸ்தியா, நீ அங்கதான் நிக்கிறே. மூச்சு கேக்குது."

பின்வாங்கினாள். பலகை. கரை. படி. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வேறு குரல்களும் சேர்ந்து அவள் பெயரையே கூப்பிட்டன.

பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஆறு உடைந்தது.

ஊர் முழுக்கத் துறைக்கு ஓடியது. சவேலி வானத்தை நோக்கிச் சுட்டார். வருஷாவருஷம் பனி உடையும்போது சுடுவார்கள். பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டு வடக்கே போயின. மூடுபனியும் அவற்றோடு கலைந்தது. ஆறு கறுப்பாக ஓடியது. உஸ்தீனியா கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஓடும் தண்ணீரின் மேல் கிளைகள் நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை. அக்கரையிலிருந்து அவள் படி வரை அதே நேர்க்கோடு. ஒவ்வொரு கிளையின் பக்கத்திலும் ஒருவர் நின்று, கையைக் கிளையில் வைத்தபடி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஆற்றில் அவள் பிடுங்கிய இடத்தில் கிளை இல்லை. அங்கே அர்த்தேமி நின்றார். கைகளை உடம்போடு ஒட்டி, இடுப்பு வரை தண்ணீரில், நட்டுவைத்ததுபோல் நேராக. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

படிக்கட்டுக்கு அடுத்து அவள் முதலில் பிடுங்கிய இடம் இன்னும் காலியாகவே இருந்தது.