பேசாத கொழுநன்

மாலைக் கதிரவன் மேலைக் குன்றுகளுக்குப் பின்னே இறங்கிய அதே வேளையில், கீழ்வானில் எழுந்த முழுமதி வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் பாலை வார்த்தாற்போல் ஒளியைப் பரப்ப, கரையோரத்து நாணற்பூக்கள் தென்றலில் அசைந்தாட, கூடு திரும்பும் நாரைகள் வானத்தில் வெண்மலர்ச் சரங்களாக நீண்டு சென்றன. இத்தகைய இனிய மாலையில், வடகரையில் ஓங்கி நின்ற செங்குன்றைக் கோட்டையின் அதிபனான வெண்காடன், தலையில் முரட்டு முண்டாசும் தோளில் மீன் வாடை வீசும் கம்பளியுமாக ஓர் ஓடத்தில் குந்தியிருந்தான் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அவன் காத்திருந்தது தன் சொந்த மனைவிக்காகத்தான் என்று சொன்னால் அந்த வியப்பு இன்னும் மிகும்.

ஆறு திங்களுக்கு முன்பு வரை செங்குன்றையும் தென்கரையிலுள்ள நெடுங்கரையும் தீராப் பகைநாடுகள். கடைசிப் போரில் நெடுங்கரை தோற்றது. சமாதானத்தின் அடையாளமாக அந்நாட்டு இளவரசி இளநங்கை வெண்காடனுக்கு மாலையிட்டாள். போர்க்களத்தில் யானைக்கும் அஞ்சாத அந்த வீரன், மனைவியின் முன்னால் நின்றால் மட்டும் நாவெழாமல் தவித்தான். இவள் தந்தையின் கோட்டை மதிலை இடித்தவன் நான். என் குரலைக் கேட்டாலே இவள் மனம் கசக்குமே என்று எண்ணி, அவள் வரும் வழியிலெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாளரத்தின் வழியே எதையோ பார்ப்பான். அன்று காலையில் ஒற்றன் ஒருவன் வந்து, அரசியார் பொழுது சாயும் நேரத்தில் ரகசியமாகத் தென்கரைக்குச் செல்ல ஓடம் அமர்த்தியிருக்கிறார் என்று சொன்னான். அரசியைச் சிறை வைக்கும்படி அமைச்சர் யோசனை கூறினார். வெண்காடனுக்கோ நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. ஓடக்காரனை அனுப்பிவிட்டு அவனுடைய கம்பளியைத் தான் போர்த்திக்கொண்டான்.

இளநங்கை முக்காடிட்டு வந்து ஓடத்தில் ஏறினாள். ஓடம் நடு ஆற்றை அடைந்தது.

"ஓடக்காரரே, உமக்கு மனைவி உண்டா?" என்று கேட்டாள் அவள்.

வெண்காடன் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "உண்டு, அம்மா" என்றான்.

"அவளோடு பேசுவதுண்டா?"

"எப்படிப் பேசுவது, அம்மா? அவள் குடும்பத்துக்கு என்னால் பெரும் துன்பம் நேர்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவளுக்கு அதுதான் நினைவுக்கு வரும்."

"அப்படி அவள் சொன்னாளா, நீராகவே எண்ணிக்கொண்டீரா?"

துடுப்பு நீரைத் தொடாமல் வெறுங்காற்றைத் துழாவியது.

தென்கரையில் வேல்வீரர் சிலர் புடைசூழக் காத்திருந்தான், அவளை ரகசியமாக வரச் சொல்லியிருந்த தமையன் காரிமாறன். மறுநாள் திருவிழாவுக்காகச் செங்குன்றையின் வாயில்கள் திறந்திருக்கும் வேளையில் உள்ளே பாய்ந்து தங்கையை மீட்கப் போவதாக அவன் அறிவித்தான். கணவன் அவளோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்ற செய்தியை அவனுடைய ஆட்கள் கொண்டுவந்திருந்தார்கள். மறுபடியும் ஒரு போர், அதுவும் தன்னுடைய மௌனத்தினால் மூளவிருக்கிறது என்பதை வெண்காடன் அப்போதுதான் அறிந்தான்.

"அண்ணா," என்றாள் இளநங்கை, "நெடுங்கரையை வென்றதைக் கொண்டாடிச் செங்குன்றையில் காலைதோறும் முரசு முழங்குவது வழக்கமாக இருந்தது. நான் அடியெடுத்து வைத்த நாள் முதல் அந்த முரசு முழங்குவதில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை நிறுத்தச் சொன்னவருக்கு என் மனம் புரியாமல் இல்லை, பேசத்தான் தெரியவில்லை."

"உடன்பிறந்தவனைத் தடுப்பதற்காக நீ எதையும் சொல்வாய். உன் கணவன் வாயால் கேட்டாலன்றி நான் நம்ப மாட்டேன்."

இளநங்கை ஓடத்தின் பக்கம் திரும்பினாள். "சுவாமி, என் தமையனாருக்குத் தாங்களே விடை கூறுங்கள்."

வேல்கள் ஒருங்கே நிமிர்ந்தன. தன்னைப் பகைவர் கையில் சிக்க வைத்துவிட்டாளோ என்று ஒரு கணம் வெண்காடன் திகைத்தான். மறுகணமே அவள் இரு கைகளையும் விரித்து அவனுக்கும் வேல்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் முண்டாசைக் களைந்துவிட்டு, எப்படி அறிந்தாய் என்று தடுமாறிக் கேட்டான்.

"ஆறு திங்களாகத் தாங்கள் எனக்குக் காட்டியது முதுகை மட்டுந்தானே? அதை எந்த வேடத்திலும் நான் அடையாளம் கண்டுகொள்வேன்."

காரிமாறன் எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல் உரக்கச் சிரித்துவிட்டான். வெண்காடன் குனிந்து ஆற்றுநீரைக் கையில் அள்ளினான்.

"இந்த வெள்ளாறு சாட்சி. இனி எந்த நாளிலும், என் மனத்திலிருப்பதை இவளிடம் சொல்லாமலும், இவள் மனத்திலிருப்பதைக் கேளாமலும் நான் உறங்க மாட்டேன். சினம் கொண்டால் அதையும் சொல்வேனேயன்றி முகத்தைத் திருப்ப மாட்டேன்."

இளநங்கையும் நீரை அள்ளினாள். அவர் தொடங்கட்டும் என்று தானும் வாய்மூடி வீம்பாக இருந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, இனி முதலில் பேசத் தயங்குவதில்லை என்று சபதம் செய்தாள். காரிமாறன் வேல்களைத் தாழ்த்தச் சொன்னான். நாளை வாளோடு வருவதற்குப் பதிலாகச் சீர்வரிசையோடு வருவதாகச் சொல்லி மைத்துனனைத் தழுவிக்கொண்டவன், கம்பளியின் வாடை தாங்காமல் சட்டென்று விலகினான்.

திரும்பும் வழியில் வெண்காடன் வெகுநேரம் சொற்களைத் தேடினான். என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று முடிவில் உண்மையைச் சொன்னான். இளநங்கை அவன் எதிரில் வந்து அமர்ந்து, சிறு வயதில் எதைக் கண்டு மிகவும் பயந்தீர்கள் என்று கேட்டாள். அவன் சற்றுத் தயங்கி, அரண்மனைக் குளத்திலிருந்த வாத்து ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்ட அவன் இன்னொன்றும் சொன்னான், பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். செங்குன்றையின் படித்துறையில் தீவட்டிகளுடன் நின்ற காவலர்கள், தங்கள் அரசனும் அரசியும் ஏறிய ஓடம் துறையைக் கடந்து நிலவொளியில் தன் போக்கில் மிதந்து போவதைக் கண்டு ஓங்கிக் குரல் கொடுத்தார்கள். அது ஓடத்திலிருந்த இருவர் காதிலும் விழவில்லை.