துருவின் கடைசிக் கச்சேரி

பல் டாக்டர் வீட்டு மாடிப்படியில் கால் வைத்தபோதே அவளுக்குச் சண்டை கேட்டது. கீழே கிளினிக்; ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. கிராம்பு எண்ணெய் வாசனைக்கு மட்டும் ஏது விடுமுறை, அது பாட்டுக்குப் படி முழுக்க நின்றது. தடித்த சுவர் வைத்த பழைய வீடு. மதிய வெயில் வாசலோடு நின்றுவிட, உள்ளே இருட்டு பழகக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டாவது ஆல்பம்தான் சார் ஆல்பம். 'ஈரச் சுவர்' கேட்ட காதால வேற எதையாவது கேக்க முடியுமா?"

"அதுல டிரம்ஸ் எங்கயோ பக்கத்து வீட்ல வாசிக்கிற மாதிரி இருக்குய்யா."

"அதான் சார் அதுல அழகே."

லிஃப்ட் மெக்கானிக்கும் டாக்டரும் வருஷக்கணக்காக இதே சண்டையைப் போடுகிறார்கள். அண்ணன் இருந்திருந்தால் ரெண்டு பேரையும் முறைத்துவிட்டு, முதல் ஆல்பமான 'பல்லி'க்கு வக்காலத்து வாங்கியிருப்பான்.

துரு என்று ஒரு ராக் பாடகன் இருந்தான். துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி குரல், அதனால் அந்தப் பெயர். மூன்று ஆல்பம் போட்டான், ஒரு கச்சேரி செய்தான், அப்புறம் அவனை யாரும் எங்கேயும் பார்க்கவில்லை. உலகம் அவனைச் சுத்தமாக மறந்துவிட்டது. மறக்காத ஒரு சிறு கூட்டம் மட்டும் அவன் இருமினால்கூட எந்த வருஷத்து இருமல் என்று சொல்லிவிடும். அந்தக் கூட்டத்தின் தலைமை அலுவலகம் இந்த மாடி. நான்கு மாதம் முன்பு வரை அவள் அண்ணனும் இங்கே நிரந்தர உறுப்பினன்.

ஸ்கூட்டரில் போனவனை லாரி அடித்தது. சட்டைப்பையிலிருந்த போனும் அவனோடு நசுங்கியது. தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்படுகிற ஆள் அவன். வீடியோ எடுத்தால் கையை ஆட்டுவானே தவிர வாயைத் திறக்க மாட்டான். அதனால் வீட்டில் போட்டோ கொட்டிக் கிடந்தது. குரல் என்று ஒரு துணுக்குகூட இல்லை. அண்ணி தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் ஞாபகம் இருக்கிறது, குரல் மறந்து போகிறது என்று. தங்கையான அவளும் அதே பயத்தில்தான் இருந்தாள். ஆனால் வெளியே சொல்லவில்லை.

"வா தங்கச்சி," என்றார் மெக்கானிக். அண்ணனின் தங்கச்சி என்பதால் இங்கே எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். "போன்ல சொல்ல முடியல. நீயே கேளு. உக்காரு, அது அவன் இடம்தான்."

சோபாவின் ஓரம். அண்ணனுக்கு எங்கே போனாலும் இடம் பிடிக்கிற வியாதி. பஸ்ஸில் முதலில் பாய்ந்து ஏறி, பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று முறைப்பான். பாதி காலியான தியேட்டரிலும் முறைப்பான். தங்கைக்காகப் போட்ட கைக்குட்டைதான், பிற்பாடு ஒரு பஸ்ஸில் அண்ணிக்காகவும் விழுந்தது. கல்யாணம் அப்படித்தான் ஆனது.

டாக்டர் திரையை இழுத்துவிட்டு, ஒரு தகர டப்பாவிலிருந்து கேசட்டை எடுத்தார். டப்பாவைத் திறந்ததும் பல நாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது. துருவின் அந்த ஒரே கச்சேரி இது. கூட்டத்தில் யாரோ ஒருவன் மடியில் சின்ன ரெக்கார்டரை மறைத்து வைத்துப் பதிந்தது. உலகத்தில் இந்த ஒரு பிரதிதான். கடைசிப் பாட்டின் நடுவிலேயே நாடா தீர்ந்துவிடும். கச்சேரி எப்படி முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. மற்ற கச்சேரிகளில் ஜனங்கள் "ஒன்ஸ் மோர்" என்றுதானே கத்துவார்கள்? இந்த நாடாவில் துருவின் கூட்டம் மட்டும் "இன்னும்! இன்னும்!" என்று கத்தும். ரசிகர்களுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. போனை எடுத்தால் "இன்னும்", வைத்தால் "இன்னும்". மெக்கானிக்கின் பனியனில் அது அச்சடித்திருந்தது. அண்ணன் ஸ்கூட்டரின் பின்னால் எழுதி வைத்திருந்தான்.

நாடா ஓடத் தொடங்கியது. இரைச்சல். இரும்பு மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன. துரு பாடினான். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது, அதற்கு மேலே அந்தக் குரல்கள்.

"இன்னும்!"

"இன்னும்!"

பிறகு, ரெக்கார்டரின் மைக்குக்கு மிக அருகில், ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னும்..."

அது அண்ணன்.

சத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் அவள் பிழைப்பே. நடிகர்களின் வசனத்துக்குப் பின்னால் ஓடும் ஃபேனையும் குரைக்கும் நாயையும் பிரித்து எடுக்கிறவள். குரல் விஷயத்தில் அவள் காது ஏமாறாது. இந்தக் கச்சேரி நடந்தபோது அண்ணனுக்குப் பால் பல்கூட விழுந்திருக்காது.

"போன வருஷம் இந்தக் குரல் இதுல இல்ல," என்று மெக்கானிக் கிசுகிசுத்தார். "நானும் அவனும் இதே சோபால உக்காந்து எத்தனை தடவை கேட்டிருக்கோம். இப்ப பின்னாடி ஒருத்தர் இருமுவாரு பாரு. அந்தா. அது போஸ்ட் மாஸ்டர். எங்களோட உக்காந்து கேட்டவரு, போன மழைல தவறிட்டாரு. கைதட்டல்கூட முன்ன இவ்ளோ இல்ல தங்கச்சி."

"டேப் பழசாயிடுச்சுய்யா. பழசானா சத்தம் மாறும்," என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. "நீ எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணித் தாம்மா. எனக்கு ஒரு நல்ல பிரதி. அது போதும்."

கேசட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட யாரையும் விடாத மனுஷன், கையில் தூக்கிக் கொடுத்தார். அவள் அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

*

மறுநாள் காலையிலேயே நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலோட்டமாக இரைச்சலைக் குறைத்து, டாக்டருக்கு ஒரு பிரதியை அனுப்பினாள். வாக்கு வாக்குதானே. அதன் பிறகுதான் நிஜமான வேலையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அண்ணி. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னதும் அண்ணியால் வராமலும் இருக்க முடியவில்லை.

ஸ்டுடியோவில் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலா ராத்திரியா என்று தெரியாது. சுவரெல்லாம் பஞ்சு, நாம் விடுகிற மூச்சு நமக்கே கேட்கும்.

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். "இன்னும்" என்று கேட்டதும் அவள் முகம் கோணி, அழுகையும் சிரிப்புமாக ஆகிவிட்டது. எப்படி, என்ன என்று அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அவர்தான். தொண்டையச் செருமிட்டுத்தானே எப்பவும் பேசுவார். இன்னும் கொஞ்சம் தெளிவா வருமா?"

"வரும் அண்ணி."

கிதாரின் ரீங்காரத்தை எடுத்தாள். நாற்காலிச் சத்தத்தை எடுத்தாள். கைதட்டலை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அது அண்ணன் குரலின் மேல் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல உரித்தாள். அப்போதுதான் கவனித்தாள், அந்தச் சொல் அங்கே முடியவில்லை. அதற்கு ஒரு வால் இருந்தது. முதல் சொல் மட்டும் உரக்க வந்து, மீதி கைதட்டலுக்குள் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

"இன்னும் முடியலையா?"

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. கேட்டிருந்தது.

பின்வரிசையிலிருந்த ஒரு பெண் குரலைப் பிரித்தாள். இன்னும் முடியலையா? போஸ்ட் மாஸ்டரை எடுத்தாள். இருமல், அப்புறம் களைத்துப்போன குரலில் இன்னும் முடியலையா? இன்னொரு கிழவர். ஒரு பையன். யாருமே இன்னொரு பாட்டுக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அலுத்தவர்கள் நர்ஸைக் கேட்கிற மாதிரி, ஒருத்தர் விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடியாது. நாடா பாதிப் பாட்டில் தீர்ந்துவிடுகிறது. முடிவு அதில் இல்லவே இல்லை. யாராவது ஒருவர் போடும்போதெல்லாம் அவர்கள் முதல் பாட்டிலிருந்து உட்கார வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருமே இதைக் கேட்டுவிட்டுச் செத்தவர்கள்.

"அணைச்சிடலாம் அண்ணி," என்றாள்.

"ஏன்?"

"நாம போடறப்பல்லாம் அவன் அங்க உக்காரணும். அவனுக்குக் கஷ்டமா இருக்கு. கேட்டீங்கல்ல, என்ன சொல்றான்னு."

அண்ணி ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். "எனக்குக் கஷ்டமா இல்லையா? நாலு மாசமா நான் அதே கேள்விதான் கேக்கறேன். ஒருத்தர் பதில் சொல்லல. அவர் பேசறார். நான் எப்படி அணைப்பேன், சொல்லு."

அவள் அண்ணியின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். குழந்தையைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் கேசட்டை உடைத்தாள். நாடாவை உருவி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினாள். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தாள். மிச்சம் இருந்தது டாக்டரிடம் போன ஒரு பிரதி. போன் போட்டாள்.

"சார், காலைல அனுப்பினதை அழிச்சிடுங்க. யாருக்கும் குடுக்காதீங்க."

"நல்லா இருக்கும்மா கதை," என்று டாக்டர் சிரித்தார். இத்தனை சந்தோஷமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "காலைலயே இன்டர்நெட்ல போட்டாச்சு. எங்கெங்கயோ இருந்தெல்லாம் கேக்கறாங்க. நம்ம துருவுக்கு இத்தனை பேரான்னு எனக்கே நம்ப முடியல. ஒருத்தன் கேட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் ஆரம்பிக்கறான்."

"சார், ப்ளீஸ்..."

"எல்லாம் உன் புண்ணியம்மா." போனை வைக்கும் முன் அவர் வழக்கப்படி உற்சாகமாகக் கத்தினார். "இன்னும்!"

அவள் அந்த நறுக்கிய நாடாக் குவியலைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றாக டப்பாவில் தூங்கியதை எடுத்து, துடைத்து, ஊர் உலகத்துக்கெல்லாம் பந்தி வைத்தது அவளுடைய கைதான். இனி அண்ணனுக்கு இடைவேளைகூடக் கிடையாது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நானும் அங்க போகணும்," என்றார் கடைசியில். "டாக்டரும். நான்தான் உன்னைக் கூப்பிட்டேன். மன்னிச்சிடு தங்கச்சி."

*

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனாள். கதவு தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்தது. வீட்டில் விளக்கு போடவில்லை. சமையலறைத் தரையில் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் ஒளிர்ந்தது. அதிலிருந்து இரும்பு நாற்காலிகளின் கிறீச்.

"டாக்டர் போட்டிருக்காரே, அதைத்தான் கேக்கறேன்," என்றாள் அண்ணி, கோபமே இல்லாமல். "வா. உக்காரு."

"அண்ணி, குடுங்க அதை."

"இரு. புதுசா பேசறார். மதியம் இது இல்ல."

பறிக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

பாட்டு ஓய்ந்தது. கைதட்டல் எழவில்லை.

யாரோ நடந்து வரும் சத்தம். செருப்புக் காலை இழுத்து இழுத்து, வரிசைக்குள் நுழைந்து, மைக்குக்கு அருகில் வந்து நின்றது.

"இந்த சீட் காலிங்களா?"

முன்பின் தெரியாத குரல். புதிதாக வந்தவர் போல.

ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். எந்த இரைச்சலையும் எடுக்காமலே, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது.

"இல்லைங்க. ஆள் வருது."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலியின் மேல் ஒரு துணியை உதறிப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம், அடுத்த நாற்காலியிலும்.

"ரெண்டு பேர்."