பலகைக் குவியலுக்குள் யார்?

ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் தீயின் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும். தெருவே கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

ஜூலை பதினொன்று, ஆண்டுதோறும் தெருவில் பெருந்தீ மூட்டும் இரவு. பெல்ஃபாஸ்டில், ஹேசலின் தெருமுனையில், சரக்குப் பலகைகளை வீட்டைவிட உயரமாக அடுக்கியிருந்தார்கள். இருட்டியதும் கொளுத்துவார்கள். உச்சியில் ஐரிஷ் கொடி, எரிப்பதற்காக. இந்தத் தெரு தன்னை பிரிட்டிஷ் என்று சொல்லும். உயரமான மதிலுக்கு அந்தப்புறம் இருப்பவர்கள் ஐரிஷ் என்று சொல்வார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தூறல் மட்டும் இருந்தது.

டொக். டொக்.

குவியலுக்குள்ளிருந்து.

ஹேசல் குனிந்தாள். இடுக்கில் ஒரு கண் அவளைப் பார்த்தது.

"யாரது?"

"பில்லி."

"பொய். எங்க தெருவுல அது தாத்தாங்க பேரு."

கண் ஒருமுறை இமைத்தது. பிறகு, "ஃபியக்ரா."

மதிலுக்கு அந்தப்புறத்துப் பெயர்.

"உள்ள என்னடா பண்றே?"

"காயப்போட்டிருந்த எங்கண்ணன் ஜெர்சிய உங்காளுங்க தூக்கிட்டு வந்துட்டாங்க, எரிக்க. எடுக்க வந்தேன். வழிய அடைச்சிட்டாங்க."

ஹேசல் இரண்டு பலகைகளை இழுத்தாள். ஐரிஷ் அணியின் பச்சை ஜெர்சியோடு ஒரு பையன் ஊர்ந்து வந்தான். நாளைய ஊர்வலத்துக்காகப் போட்டிருந்த தன் பேண்டு வாத்தியக் கோட்டைக் கழற்றி அவன்மேல் மாட்டினாள்.

"வாயத் திறக்காதே. நட."

முனையில் அவள் அண்ணன் டீன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"யாருடி இவன்?"

"என் ஃபிரெண்டு ரூத்தோட சித்தி பையன். பேச மாட்டான்."

"ஏன்?"

"உன் மூஞ்சிய இப்பத்தான் பாக்குறான், பயந்துட்டான்."

மதிலை அடைந்தபோது, அதன் இரும்புக் கதவை இரவுக்காக மூடும் நேரம். ஃபியக்ரா கோட்டைக் கழற்றிக் கொடுத்தான்.

"நல்லவேள தட்டினே," என்றாள் ஹேசல்.

அவன் முகம் வெளுத்தது. "நானா? மூச்சுகூட விடலையே. எனக்குப் பின்னாடி யாரோ தட்டுனாங்க."

கதவு மூடியது.

ஹேசல் ஓடினாள். குவியலைச் சுற்றி ஆட்கள் தீப்பந்தத்தோடு கூடிவிட்டிருந்தார்கள். அவள் நேராகப் போய் அந்த இடைவெளியில் உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள யாரோ இருக்காங்க."

"பேயா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரா இருந்தா என்ன? எடுத்துப் பாக்காம கொளுத்த விடமாட்டேன்."

"எந்திரிடி, மானம் போகுது." டீன் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அந்தப்பக்கத்து ஆளா?"

"தெரியல. தெரிஞ்சாத்தான் வெளிய எடுப்பியா?"

முதல் பலகையை டீன்தான் எடுத்தான்.

அடிவரை பிரித்தார்கள். யாருமில்லை. நடுவில் ஒரு பழைய சோபா. அதில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து இப்போதுதான் எழுந்துபோன பள்ளம்.

யாரும் சிரிக்கவில்லை. மறுபடி அடுக்கி முடிக்க நள்ளிரவு தாண்டியது. தெரு முழுக்க அவளைத் திட்டியது. ஹேசல் டீன் மிச்சம் வைத்திருந்த சிப்ஸையும் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.