ஆறாவது மரத்தடியில் நின்றவன்

முதல் தடவை கண்ணை மூடிச் சொன்னபோது அவன் வாசலிலிருந்து ஆறாவது செம்பனை மரத்தடியில் நின்றிருந்தான். இரண்டாம் தடவை, நான்காவதில்.

நீலாவதி கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மாத்திப் பேசறேன்னு நெனைச்சிராதீங்க மேடம். அவன்தான் கிட்ட வர்றான்."

"ஞாபகம் அப்படித்தான் லா அக்கா, ஒரேயடியா வராது," என்றார் பகா போலீஸ் நிலையத்திலிருந்து வந்திருந்த சார்ஜன் ஷஃபீகா. "எனக்கு அவன் முகம் வேணும்."

தங்கை புஷ்பவள்ளி காணாமல் போய் மூன்று நாள். மரத்தடியில் நின்ற ஒருவன் அவள் பின்னால் நடந்ததைக் கண்டது நீலாவதி மட்டுந்தான், இதே வாசலில் நின்று. அதற்கு முதல்நாள் போட்ட சண்டையில் அக்கா தங்கை இருவருக்கும் பேச்சில்லை. அதனால் அவளைக் கூப்பிடவில்லை. அந்தக் குற்ற உணர்வுதான் நீலாவதியை மறுபடி கண்ணை மூட வைத்தது.

"இப்போ கடைசியிலேர்ந்து பின்னோக்கி வாங்க. வாடை, சத்தம், ஒண்ணையும் விடாதீங்க."

வளைவில் மறைந்த தங்கை முதுகு காட்டியபடியே பின்னால் நடந்து வந்தாள். குலை ஏற்றும் லாரியின் உறுமலும், அழுகிய பழங்களின் புளித்த வாடையும், மழை விட்ட செம்மண்ணின் வெக்கையும் தலைகீழாக ஊர்ந்து வந்து நீலாவதியைச் சூழ, தங்கை அவளை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவன் மட்டும் பின்னால் நடக்கவில்லை. முன்னால் நடந்தான்.

இரண்டாவது மரம்.

"முகம் தெரியுதா?"

"போதும் மேடம்."

"தங்கச்சி உசுரோட இருந்தா நமக்கு நேரமில்லக்கா. கண்ணைத் தொறக்காம, அவன் நின்ன எடத்துல நீங்க மனசாலே போய் நில்லுங்க. அங்கேர்ந்து என்ன தெரியுது?"

நீலாவதி போய் நின்றாள். காலடியில் ஈரம். காதருகே மூச்சு. அவளுடையது அல்ல.

"ஒரு வீடு. கதவு தொறந்திருக்கு."

"உள்ள யாரு?"

"ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி கண்ணை மூடி ஒக்காந்திருக்கா. இன்னொருத்தி... எழுதுறாங்க."

பேனா நின்றது.

"அக்கா, கண்ணைத் தொறங்க."

திறந்தாள்.

எதுவும் மாறவில்லை. அதே வீடு. அதே திறந்த கதவு. உள்ளே நாற்காலியில், விழிகளை அகலத் திறந்தபடி, நீலாவதி. அவள் தோளைப் பிடித்து உலுக்கும் சார்ஜன்.

வாசல் நெருங்கியது. ஒரு படி.

இன்னொரு படி.